தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைக்கு ஆபரேஷனா? மயக்க மருந்து பற்றிய முழுமையான வழிகாட்டி

பையனுக்கு டூஷென் தசைச் சிதைவு இருக்கிறது, கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, பிளேட் வைக்க வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் நான்கைந்து பல் சொத்தை, மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும் என்கிறார்கள். மயக்க மருந்து தாங்குவானா? குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கிற வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வியைப் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் ஒன்றுதான்: தாங்குவான், ஆனால் அவனுக்கு என்ன நோய் என்பது முதல் மருந்து உடம்பில் ஏறும் முன்பே மயக்க மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மயக்கத்தின்போது நடக்கிற மோசமான விபத்துகளில் பெரும்பகுதி யாருக்கும் நோய் தெரியாததால், அல்லது தெரிந்தவர் சொல்லாததால், அல்லது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் அன்று இரவு யாரும் மூச்சைக் கவனிக்காததால் நடப்பவை. மூன்றையும் தடுக்க முடியும், அதில் பெற்றோருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள், ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே படித்தால் இன்னும் நல்லது.

படி 1: நோயின் முழுப் பெயரைக் கையில் வைத்திருங்கள்

"பிள்ளைக்குத் தசை வீக்னஸ்" என்று மட்டும் சொன்னால் மயக்க மருத்துவருக்கு அது போதாது. பரம்பரையாக வரும் தசை, நரம்புக் கோளாறுகள் பல வகை. ஒன்றுக்குப் பாதுகாப்பான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

இவற்றில் அதிகம் பார்ப்பது டூஷென். சுருக்கமாக டி.எம்.டி. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோபின் மரபணுவில் வரும் பழுது இது, அதனால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் தாக்கும். இதே மரபணுவில் வரும் லேசான வகை பெக்கர். மயக்கத்தைப் பொறுத்தவரை லேசானது என்று பெக்கரை விட்டுவிடக் கூடாது, இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்கோலின் என்று தியேட்டரில் சொல்லப்படும் சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்து கூடவே கூடாது. சீவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்களையும் தவிர்க்க வேண்டும். புரோபோஃபால் போல நரம்பு வழியாக, அதாவது ரத்த நாளத்தில் ஊசியாக (ஐ.வி.), கொடுக்கும் மயக்கம் பொருந்தும்.

எஸ்.எம்.ஏ., அதாவது ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி, வேறு கதை. முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் அழிவதால் தசை மெலிகிற நோய். இதற்கும் ஸ்கோலின் ஆகாது, ஆனால் மயக்க வாயுக்களைக் கொடுக்கலாம். இங்கே பெரிய கவலை மூச்சு. நுசினெர்சன் என்ற மருந்தை முதுகுத் தண்டுவட நீரில் ஊசியாகப் போடுகிறார்கள், முதல் இரண்டு மாதத்தில் 4 முறை, அப்புறம் 4 மாதத்துக்கு ஒரு முறை. அதனால் சில எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு மயக்கமோ தூக்க மருந்தோ திரும்பத் திரும்பத் தேவைப்படும். பழகிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் கவனத்தைக் குறைத்துக்கொண்டே போவது இங்கே உள்ள ஆபத்து.

சென்ட்ரல் கோர் நோய் போல ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவில் வரும் தசை நோய்களில்தான் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்கிற பயங்கரமான எதிர்வினை வரும். ஸ்கோலினோ மயக்க வாயுவோ பட்டதும் தசைகள் இறுகி, கரியமில வாயு ஏறி, இதயத் துடிப்பு எகிறி, உடம்பு கொதிக்கும். அதற்கு மாற்று மருந்து டான்ட்ரோலின். இந்த வகை நோய் என்றால் அந்த மருந்து அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இல்லாத இடங்களும் உண்டு.

மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்றால் தசை சுருங்கிய பிறகு தளர நேரம் எடுக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்கோலின் போட்டால் தாடை பூட்டிக்கொண்டு வாயைத் திறக்கவே முடியாமல் போகலாம், நெஞ்சும் இறுகிக் காற்று போகாது. குளிர் ஆகாது, நடுக்கம் ஆகாது. தூக்க மருந்தும் மார்ஃபின் வகை வலி மருந்தும் கொஞ்சம் கொடுத்தாலே அதிகமாக வேலை செய்யும். தாய்க்கும் இதே நோய் லேசாக இருந்து யாருமே கவனிக்காமல் விட்டிருப்பது சாதாரணம்.

செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுது வரும் நோய்கள் இதற்கெல்லாம் நேர்மாறு. டூஷென் பையனுக்கு நாங்கள் விரும்பிக் கொடுக்கும் புரோபோஃபாலை மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ள குழந்தைக்கு மணிக்கணக்கில் ஓட்ட யோசிப்போம். நெடுநேரம் பட்டினி போடக் கூடாது, குளுக்கோஸ் ஓட வேண்டும், ரிங்கர் லாக்டேட் டிரிப்பைத் தவிர்ப்போம். நோயின் பெயர் மாறினால் மருந்துப் பட்டியல் தலைகீழாகிவிடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆகவே மரபணுப் பரிசோதனை முடிவு இருந்தால் அதன் நகலை எடுத்து வையுங்கள். இன்னும் செய்யவில்லை, ஆபரேஷனும் அவசரமில்லை என்றால், முதலில் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்த நோய்களைப் பார்க்கும் பிரிவுகள் இருக்கின்றன. டூஷெனுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கும் எம்.டி.சி.ஆர்.சி. கோயம்புத்தூரில் இருக்கிறது.

படி 2: நோய் இன்னும் தெரியாத பிள்ளையா என்று பாருங்கள்

இந்தப் பகுதி தசை நோயே கேள்விப்படாத பெற்றோருக்கும் சேர்த்து. டூஷென் அறிகுறிகள் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தெரிய ஆரம்பிக்கும், ஆனால் நோய் என்ன என்று உறுதியாவது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். அந்த இடைவெளியில்தான் டான்சில், குடலிறக்கம், இறங்காத விதை, காதில் நீர் என்று சின்னச் சின்ன ஆபரேஷன்கள் வரும். பார்க்க நன்றாக இருக்கிற பையன், கொழுகொழு கெண்டைக்கால். அவனுக்கு ஸ்கோலின் போட்ட சில நிமிடங்களில் இதயம் நின்றுபோன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் லேபிளில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை சேர்க்க வைத்ததற்கு இதுதான் காரணம். ஆரோக்கியமாகத் தெரிந்த குழந்தைகள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், அதிலும் 8 வயதோ அதற்குக் கீழோ உள்ளவர்கள் என்று அந்த எச்சரிக்கையே சொல்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்? ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை. ஓடத் தெரியாமல் ஆடி ஆடி நடக்கிறான், அடிக்கடி விழுகிறான், குதிகால் தரையில் படாமல் நடக்கிறான். மாடிப்படி ஏற கைப்பிடி வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே கைகளால் ஏறி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் தடித்திருக்கிறது. அப்புறம் இன்னொன்று, பலர் தவறவிடுவது: ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறியிருப்பதைப் பார்த்து கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் கல்லீரல் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு நொதிகளும் தசையிலிருந்தும் வரும். தசை நொதியை அளக்கும் சி.பி.கே. என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும், டூஷென் பையனுக்கு அது இயல்பைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை இருக்கும். பெரிய செலவு இல்லாத பரிசோதனை. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன் சி.பி.கே. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள்.

குடும்பத்தையும் விசாரியுங்கள். டூஷென் தாய் வழியில் வரும், அதனால் தாய்மாமன் யாராவது சின்ன வயதில் நடக்க முடியாமல் போய் இறந்தாரா, சித்தி பெரியம்மா பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா என்று பாட்டியிடம் கேளுங்கள். இதற்காக அம்மாவைக் குற்றவாளியாக நிறுத்துகிற வீடுகள் உண்டு, அது அநியாயம். பல பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் இந்த மரபணுப் பழுது வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்பதும் டூஷென் விஷயத்தில் சரியில்லை. எஸ்.எம்.ஏ., இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் லிம்ப் கர்டில் போன்ற நோய்களுக்குத்தான் மாமன் மகள், அக்கா மகள் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது.

குடும்பத்தில் "மயக்க மருந்து கொடுத்ததும் இறந்துபோனார்" என்று யாரைப் பற்றியாவது பேச்சு இருந்தால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயப்படுகிறேன், என் உறவினர் பத்துப் பேர் அதில் இறந்திருக்கிறார்கள் என்று சொன்னார். மருத்துவர்கள் அதைக் காதில் வாங்கினார்கள், எச்சரிக்கையாக இருந்தார்கள், ஹாலோத்தேன் என்ற மயக்க வாயு கொடுத்ததும் அவர் உடம்பு சூடேறத் தொடங்கியபோது உடனே நிறுத்தி ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். டென்பரோவும் லோவலும் 1960இல் லான்செட் இதழில் இதை எழுதிய பிறகுதான் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா ஒரு பரம்பரை நோய் என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டது. அந்த இளைஞர் வாய் திறந்து சொன்னதால் பிழைத்தார்.

படி 3: மயக்க மருத்துவரை நேரில், முன்பே பாருங்கள்

ஆபரேஷன் செய்யும் சர்ஜனிடம் சொல்லிவிட்டோம், அவர் சொல்லிவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள். "அனஸ்தீசியா ஃபிட்னஸ்" வாங்கப் போகும்போது பிள்ளையையும் ஃபைலையும் கொண்டுபோய், அந்த மருத்துவர் முகத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஃபிட்னஸ் கொடுப்பவர் ஒருவர், ஆபரேஷன் நாளில் மயக்கம் கொடுப்பவர் இன்னொருவர் என்பது பெரிய மருத்துவமனைகளில் சாதாரணம், எனவே கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், அன்று காலையில் மறுபடியும் சொல்லுங்கள். மூன்று முறை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இந்தச் சந்திப்பு சில வாரங்களுக்கு முன்பே நடக்க வேண்டும். முந்தின நாள் மாலை பார்த்தால் இதயப் பரிசோதனைக்கோ பைபேப் (மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் கருவி) பழக்கத்துக்கோ நேரம் இருக்காது.

எந்த மருத்துவமனை என்பதில் பணமும் தூரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கீழே உள்ளவற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்: குழந்தைகள் ஐ.சி.யூ. இருக்கிறதா, அன்றைக்கு அதில் படுக்கை நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா, நள்ளிரவிலும் ரத்தத்தில் பொட்டாசியம் அளவை உடனே பார்க்க முடியுமா, பைபேப் இருக்கிறதா, வாயு இல்லாமல் முழுக்க நரம்பு வழி மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் இருக்கிறார்களா. டே கேர் சென்டரில் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் திட்டத்துக்கு, நோய் முற்றிய பிள்ளைகள் விஷயத்தில் சம்மதிக்காதீர்கள். "எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தானே" என்பதும் அப்படித்தான். ஸ்கேனுக்குத் தூங்க வைப்பதும் மயக்கம்தான், ஆபத்து ஒன்றும் குறைவில்லை, சொல்லப்போனால் ஸ்கேன் அறையில் உதவிக்கு ஆள் குறைவு. வீட்டிலேயே டிரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைத்து எடுத்து வாருங்கள் என்று சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். மூச்சுத் தசை பலவீனமான பிள்ளை காரின் பின் சீட்டில் தூங்கும்போது அவன் எவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறான் என்று யாருக்கும் தெரியாது.

படி 4: இதயம், நுரையீரல், ஸ்டீராய்டு

இதயமும் ஒரு தசைதான். டூஷென் பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இதயத் தசையும் பலவீனமாகும், ஆனால் வீல்சேரில் இருப்பவனுக்கு ஓடி ஆடும் வேலை இல்லாததால் மூச்சுவாங்குவதாக ஒருநாளும் சொல்ல மாட்டான். நன்றாகத்தானே இருக்கிறான் என்பதை நம்பி இசிஜி, எக்கோ இல்லாமல் மயக்கத்துக்குப் போகக் கூடாது. எனாலாபிரில் போன்ற இதய மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் ஆபரேஷன் அன்று காலை அதைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று மருத்துவர் சொல்லட்டும். மயோடோனிக் டிஸ்ட்ரோபியில் இதயத்தின் மின்னோட்டம் தடைபடும் என்பதால் இசிஜி அங்கே இன்னும் முக்கியம்.

நுரையீரலுக்கு வருவோம். குழாயில் பலமாக ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஸ்பைரோமெட்ரி. பொதுவாக 5, 6 வயதுக்கு மேல் சொன்னதைக் கேட்டு ஊதுவார்கள். அதில் எஃப்.வி.சி. என்ற அளவு, அதாவது ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றும் காற்று, அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபரேஷனுக்குப் பின் மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுகிறது. 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் மிக அதிகம். 2007இல் அமெரிக்க மார்பு மருத்துவர் சங்கம் டூஷென் பிள்ளைகளுக்காக வெளியிட்ட பரிந்துரையில் இந்த அளவுகள் இருக்கின்றன, மயக்கத்துக்கு முன்பே மாஸ்க் வைத்து பைபேப்பில் பழக்கிவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். ஆபரேஷன் முடிந்து வலியோடு கண் விழிக்கும் பிள்ளைக்கு முகத்தில் முதன்முறையாக ஒரு மாஸ்க்கை அழுத்திக் கட்டினால் அவன் பிடுங்கி எறிவான். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் என்று போட்டுப் பழக்கினால் அவனே கேட்டு வாங்கிப் போடுவான்.

இருமலின் பலத்தையும் அளப்பார்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே என்றால் சளியைத் தானாக வெளியே கொண்டுவரச் சிரமப்படுவான், இருமல் உதவி இயந்திரத்தையும் பிசியோதெரபிஸ்ட்டையும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள், தேதி கிடைப்பது கஷ்டம் என்று மறைக்காதீர்கள்.

பல டூஷென் பிள்ளைகள் வருடக்கணக்காக பிரட்னிசோலோன் அல்லது டெஃப்ளசகார்ட் எடுக்கிறார்கள். இதனால் அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், ஆபரேஷன் போன்ற நெருக்கடியில் உடம்புக்குத் தேவையான ஹார்மோனைச் சுரக்காது. ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும். அதனால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி தனியாகக் கொடுப்போம். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடமாக, கடைசி மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஆபரேஷன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

படி 5: எந்த மருந்து ஏன் வேண்டாம்

பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று சில சக மருத்துவர்களே கேட்பார்கள். வேண்டும் என்பது என் கருத்து. காரணம் தெரிந்தவர்தான் நெருக்கடியில் தயங்காமல் சொல்வார்.

தசை நாரின் மேல் உறையை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பது டிஸ்ட்ரோபின். அது இல்லாத உறை, கம்பி வைக்காமல் போட்ட கான்கிரீட் போல, சும்மா இருக்கும்போது நிற்கும், இழுத்தால் விரிசல் விடும். ஸ்கோலின் எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் துடிக்க வைத்துப் பிறகு தளர்த்தும் மருந்து. ஆரோக்கியமானவருக்கே அதனால் ரத்தப் பொட்டாசியம் அரை அளவு ஏறும், 4 இருந்தது 4.5 ஆகும், ஒன்றும் செய்யாது. டூஷென் பையனுக்கோ உறை கிழிந்து தசைக்குள் இருக்கிற பொட்டாசியம் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். இதயம் அந்த நொடியில் தாளம் தவறி நின்றுவிடும். பிறகு மயோகுளோபின் என்ற தசைப் புரதம் வெளியேறி சிறுநீர் கோலா நிறத்தில் போகும், சிறுநீரகம் அடைபடும். மயக்க வாயுக்கள் இதையே மெதுவாக, எப்போதாவது செய்யும். சில பிள்ளைகளுக்கு ஆபரேஷன் முழுக்க நன்றாகப் போய், விழித்தபின் ரெகவரி அறையில் இதயம் நின்றிருக்கிறது.

இது மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா அல்ல. பார்க்க அப்படித் தெரியும், பல பழைய புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கும், ஆனால் டூஷெனில் நடப்பது தசை உடைவு. டான்ட்ரோலின் தேடி ஓடுவது இங்கே வழியில்லை. கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின், சோடா பைகார்பனேட், சால்புடமால் என்று பொட்டாசியத்தைச் சமாளிக்கிற சிகிச்சைதான் உயிரைக் காப்பாற்றும், நெஞ்சை அழுத்தும் முதலுதவியையும் சீக்கிரம் நிறுத்திவிடக் கூடாது. இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரோக்கியமாகத் தெரிந்த பையனுக்கு ஸ்கோலின் போட்டதும் இதயம் நின்றால், மூச்சுக் குழாய் சரியாக இருக்கிறது என்று பார்த்த கையோடு கால்சியத்தைக் கொடுங்கள், லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? புரோபோஃபால், கீட்டமின், டெக்ஸ்மெடிடோமிடின், ஃபென்டனில் போன்றவை நரம்பு வழியாக. நைட்ரஸ் ஆக்சைடு வாயு தசையை உடைக்காது. மரத்துப்போகச் செய்யும் ஊசிகளும் உணர்வு நரம்பை மரத்துப்போக வைக்கும் நரம்பு பிளாக்குகளும் மிக நல்லவை, முடிந்த இடத்தில் எல்லாம் அவற்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த அளவுக்கு மார்ஃபின் வகை மருந்து குறையும். தசை தளர்த்தி கட்டாயம் வேண்டுமென்றால் ராக்குரோனியம் இருக்கிறது, ஆனால் இந்தப் பிள்ளைகளில் அது வேலை செய்யத் தாமதமாகும், போகவும் நெடுநேரம் எடுக்கும். அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருந்தால் நிம்மதி. தளர்த்தியின் மிச்சம் இருக்கிறதா என்று நரம்பைத் தூண்டிப் பார்க்கும் சின்னக் கருவி வைத்துப் பார்க்காமல் மூச்சுக் குழாயை எடுக்கக் கூடாது.

மயக்க இயந்திரத்துக்குள் முந்தின நோயாளிக்குக் கொடுத்த வாயு கொஞ்சம் தங்கியிருக்கும். மயக்க வாயுவைக் கலக்கும் வேப்பரைசரைக் கழற்றி, குழாய்களையும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமையும் மாற்றி, அதிவேகத்தில் ஆக்சிஜன் ஓட்டிக் கழுவ வேண்டும். இயந்திரத்தைப் பொறுத்து இது பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும், கரி ஃபில்டர் இருந்தால் சீக்கிரம் முடியும். அன்றைய பட்டியலில் முதல் கேஸாகப் போட்டால் இதற்கு நேரம் கிடைக்கும். பட்டினி நேரமும் குறையும். முதல் கேஸாக வையுங்கள் என்று நீங்களே கேட்கலாம்.

படி 6: ஆபரேஷன் நாள்

திட உணவு 6 மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த பானம் 2 மணி நேரம். குழந்தைகளுக்குத் தண்ணீரை 1 மணி நேரம் முன் வரைகூட அனுமதிக்கிற மருத்துவமனைகள் இப்போது பெருகிவிட்டன. "இரவு பன்னிரண்டுக்குப் பிறகு எதுவும் வேண்டாம்" என்ற பழைய வழக்கத்தை, காலை 11 மணி ஆபரேஷனுக்கும் அப்படியே சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தசை மெலிந்த பிள்ளையிடம் சேமிப்பு இல்லை, சர்க்கரை சீக்கிரம் இறங்கும். மறுபக்கம், இவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும், மலச்சிக்கலும் சகஜம், அதையும் சொல்லி வையுங்கள்.

வாயு முகர வைத்துத் தூங்க வைக்க முடியாததால் விழித்திருக்கும்போதே நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். ஸ்டீராய்டு எடுத்துக் கொழுத்த கையில் நரம்பு கிடைப்பது கஷ்டம். மரத்துப்போகும் கிரீமை இரண்டு மூன்று இடத்தில் ஒரு மணி நேரம் முன் தடவி வைத்தால் குத்துவது தெரியாது. நரம்பு எந்தக் கையில் நன்றாகக் கிடைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், சொல்லுங்கள்.

எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், வாய் எவ்வளவு திறக்கும், எப்படிப் படுத்தால் வலிக்காது என்பதையும் சொல்லுங்கள். மயங்கிய பிறகு அவன் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான், இறுகிய காலை யாராவது நீட்டிவிட்டால் மெலிந்த எலும்பு முறியும். வீட்டு பைபேப்பும் மாஸ்க்கும் கையோடு வர வேண்டும், புதிய மாஸ்க்கைவிட பழகிய மாஸ்க் எப்போதும் மேல்.

படி 7: விழித்த பிறகு, முதல் 24 மணி நேரம்

இதைத்தான் அதிகம் அலட்சியப்படுத்துகிறார்கள். ஆபரேஷன் சக்சஸ் என்று சொல்லிவிட்டு எல்லோரும் காபி குடிக்கப் போகும் நேரத்தில் ஆபத்து தொடங்குகிறது.

குழாயை எடுத்ததும் மூச்சு பலவீனமான பிள்ளையை நேராக பைபேப்பில் போட வேண்டும். ஆக்சிஜன் மட்டும் வைத்துவிட்டு விரலில் மாட்டிய மானிட்டரில் 98 காட்டுகிறது என்று திருப்திப்படுவது தவறு. ஆக்சிஜன் கொடுத்தால் அந்த எண் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போவதை அது காட்டாது. பிள்ளை மெல்ல மெல்ல மந்தமாவான், தூங்குகிறான் என்று நினைப்போம். எண் இறங்கினால் ஆக்சிஜனைக் கூட்டுவதற்கு முன், ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும்: மூச்சு ஆழம் குறைந்ததா, சளி அடைத்ததா? நீங்கள் பக்கத்தில் இருந்தால் கவனிக்க வேண்டியவை: கூப்பிட்டால் எழும்புகிறானா, பேச்சு குழறுகிறதா, வேர்க்கிறதா, தலைவலி என்கிறானா, இருமல் வலுவில்லாமல் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கிறதா. சந்தேகமாக இருந்தால் நர்ஸைக் கூப்பிட்டு ரத்த வாயுப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் கூடாது. வலித்தால் இரும மாட்டான், ஆழமாக மூச்சு விட மாட்டான். எடைக்குத் தகுந்த பாராசிட்டமாலும் நரம்பு பிளாக்கும் அடித்தளம், மார்ஃபின் வகை தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, கண்காணிப்போடு. முதல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கோலா போல, கட்டஞ்சாயா போல இருந்தால் உடனே சொல்லுங்கள், அன்றே பொட்டாசியமும் சி.பி.கே.வும் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.பி.கே. அளவு ஃபைலில் இல்லையென்றால் இதை ஒப்பிட வழியில்லை, ஏனென்றால் இவர்களுக்கு எப்போதுமே அது உயர்ந்துதான் இருக்கும்.

ஸ்டீராய்டு மறுபடி வாய் வழியே தொடங்கும் வரை ஊசியாகத் தொடர வேண்டும். இன்னும் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை என்றால், படுக்கையில் போடும் ஒவ்வொரு நாளும் அவன் நடையை இழக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டு 6 வாரம் படுக்க வைப்பதைவிட ஆபரேஷன் செய்து சீக்கிரம் நிற்க வைப்பது பல சமயம் நல்லது. இதை எலும்பு மருத்துவரிடம் முதல் நாளே பேசுங்கள்.

படி 8: நள்ளிரவு அவசரத்துக்கு ஒரு அட்டை

விபத்தோ குடல்வால் வலியோ சொல்லிவிட்டு வருவதில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில், இவனை முன்பின் தெரியாத ஒருவர் மயக்கம் கொடுக்க வேண்டி வரும். அவசரத்தில் 60 விநாடியில் வேலை செய்யும் என்பதால்தான் ஸ்கோலினை எடுப்பார்கள். அதனால் ஒரு அட்டை எழுதி லேமினேட் செய்து, பள்ளிப் பையிலும் வீல்சேரிலும் வையுங்கள், படமெடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். மருத்துவரிடம் கொடுத்து ஆங்கிலத்திலும் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். டூஷென் பிள்ளைக்கு இப்படி இருக்கலாம்:

"எனக்கு டூஷென் தசைச் சிதைவு நோய் இருக்கிறது. சக்சினைல்கோலின் (ஸ்கோலின்) கொடுக்கக் கூடாது. சீவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன், ஹாலோத்தேன் தவிர்க்கவும். நரம்பு வழி (ஐ.வி.) மயக்கம் கொடுக்கவும். அவசரமாகக் குழாய் போட ராக்குரோனியம். தினமும் ஸ்டீராய்டு எடுக்கிறேன், ஹைட்ரோகார்டிசோன் தேவை. ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் போதாது, கரியமில வாயு அளவைப் பார்க்கவும், பைபேப் தேவைப்படலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. உயர்ந்திருப்பது தசையால், கல்லீரலால் அல்ல."

வேறு நோய் என்றால் இதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். மருந்துகள் மாறும், உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

பல் மருத்துவரிடமும் இதைக் காட்டுங்கள். ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி இவர்களுக்குக் கெடுதல் செய்யாது, பல் வேலையை அதோடு முடிக்க முடிந்தால் அதுவே முதல் வழி. ஆனால் நாற்காலியை முழுக்கச் சாய்த்தால் மூச்சுத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதி உட்கார்ந்த நிலையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

படி 9: வீடு திரும்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியில் "பொது மயக்கம்" என்று இரண்டு வார்த்தைதான் இருக்கும். எந்த மருந்து எவ்வளவு, குழாய் போடுவது சுலபமா கஷ்டமா, விழிக்க எவ்வளவு நேரம், பைபேப் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் மயக்கப் பதிவுத் தாளில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை மயக்கம் கொடுப்பவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் அது உதவும்.

வீட்டுக்குப் போனதும் உறவினர் வீடுகளுக்கும் போன் செய்ய வேண்டும். பிள்ளையின் அம்மா மரபணுவைச் சுமப்பவர் என்று உறுதியாகியிருந்தால், அவருக்கே இதயத் தசை பலவீனம் இருக்கலாம், எக்கோ பார்க்க வேண்டும், தன் ஆபரேஷனிலும் இதைச் சொல்ல வேண்டும். பையனின் அக்கா தங்கைகளுக்கும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அம்மாவின் உடன்பிறந்த சகோதரிகளுக்குச் சின்ன ஆண் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு டான்சிலோ குடலிறக்கமோ என்று ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே ஒரு சி.பி.கே. பார்த்துவிடச் சொல்லுங்கள்.